மண்ணெண்ணெயும் காணிக்கைப் பெட்டியும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்றொரு சிற்றூர். 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், எட்வின் டிரேக் என்பவர் அங்கு இட்ட துளையில் அறுபத்தொன்பதரை அடி ஆழத்தில் எண்ணெய் ஊறியது. இவர் முன்பு இரயில்வேயில் நடத்துநராக இருந்தவர். உப்புநீர்க் கிணறு தோண்டிப் பழகிய கொல்லர் ஒருவர் துணை நின்றார். ஓடைக்கரை மண் சரிந்து துளையை மூடிவிடாதபடி, இரும்புக் குழாயைப் பாறைவரை அடித்திறக்கி அதனுள்ளே துளைத்தது டிரேக் கண்ட வழி. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. சேர்த்த பணத்தையும் பின்னர் வணிகச் சூதில் இழந்தார். வறுமையில் வாடிய அவருக்கு 1873இல் மாநிலச் சட்டமன்றம் ஆண்டுக்கு 1,500 டாலர் உதவித்தொகை அளித்தது. 1880இல் மறைந்தார்.

தோண்டியவர்கள் பலருக்கும் நேர்ந்தது ஏறத்தாழ இதுவே. 1865இல் எண்ணெய் கண்ட பிட்ஹோல் என்ற ஊரில் சில மாதங்களுக்குள் பதினையாயிரம் பேர் குடியேறினர். ஐந்தே ஆண்டுகளில் அங்கு எஞ்சியோர் சில நூறு பேர் மட்டுமே.

செல்வம் வேறிடத்தில் திரண்டது. ஜான் டி. ராக்பெல்லர் கிளீவ்லாந்து நகரில் கணக்கெழுதியவர். மண்ணைத் தோண்டுவது சூதாட்டம், சுத்திகரிப்பும் போக்குவரத்துமே நிலையான தொழில் என்று கண்டார். 1870இல் பத்து இலட்சம் டாலர் முதலீட்டில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1872இல் இரயில்வே நிறுவனங்களோடு மறைமுக உடன்பாடு ஒன்று உருவாயிற்று. இவர் தரப்புக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. அது மட்டுமன்று, போட்டியாளர் செலுத்தும் கட்டணத்திலும் இவர்களுக்குப் பங்கு உண்டு! மக்கள் கொதித்தெழவே அவ்வுடன்பாடு கைவிடப்பட்டது. ஆனால் அந்த அச்சத்தின் நிழலிலேயே, கிளீவ்லாந்தில் இருந்த 26 ஆலைகளில் 22 அவர் கைக்கு மாறிவிட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் நாட்டின் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு அவருடையதாயிற்று.

ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் விலை பெரிதும் குறைந்தது. ஏழையின் குடிசையிலும் இரவில் விளக்கு எரிந்தது. ராக்பெல்லர் பகட்டில்லாத பாப்டிஸ்டு விசுவாசி. பதினாறு வயதில் பெற்ற முதல் ஊதியத்திலிருந்தே ஆலயத்துக்குக் கொடுத்து, கொடுத்ததைக் கணக்கேட்டில் குறித்தவர். வேடதாரி என்று அவரை எளிதில் ஒதுக்க என்னால் இயலவில்லை. தம் செல்வம் இறைவன் தந்தது என்று அவர் மெய்யாகவே நம்பினார். அதுவே நம்மை அச்சுறுத்துகிறது.

எண்ணெய் வயல்களில் வளர்ந்த ஐடா டார்பெல் என்னும் பெண்மணி, 1902 முதல் மெக்ளூர்ஸ் என்ற இதழில் அந்நிறுவனத்தின் வரலாற்றை ஆவணங்களோடு எழுதினார். அவர் தந்தையும் அவ்வயல்களில் நொடிந்தவரே. இத்தொடரின் சூடு தணியுமுன், 1905இல், காங்கிரிகேஷனல் சபையின் அயல்நாட்டு மிஷன் வாரியத்துக்கு ராக்பெல்லர் ஓர் இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். நம் மதுரையில் 1834 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் இவ்வாரியத்தைச் சேர்ந்ததுதான். வாஷிங்டன் கிளாடன் என்ற போதகர் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். இந்தப் பணத்தைப் பெற்றால், அது வந்த வழியைக் கண்டிக்கத் திருச்சபைக்கு வாய் எங்கிருந்து வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். நன்கொடை தானாக வந்ததன்று, வாரியத்தாரே கேட்டுப் பெற்றது என்ற செய்தி பின்னர் வெளிவந்தது. பணம் திருப்பித் தரப்படவில்லை.

யூதாசு எறிந்த வெள்ளிக் காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போடத் தயங்கிய தலைமைக் குருக்கள் நினைவுக்கு வருகிறார்கள். அந்தக் காசும் அந்நியரை அடக்கம் செய்ய நிலம் வாங்கத்தான் பயன்பட்டது. 1920களின் தொடக்கத்தில், ராக்பெல்லரின் மனைவி பெயரால் அமைந்த நிதியிலிருந்து ஆசியாவின் பெண்கல்விக்குப் பத்து இலட்சம் டாலர் வந்தது. வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அதில் பங்கு பெற்றன. அங்கு நலம் பெற்ற தாய்மாரிடம் போய்க் கிளாடனின் வாதத்தை எவ்வாறு எடுத்துரைப்பது? ஆயினும் அவ்வாதம் பொய்யாகிவிடவில்லை.

1911இல் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தை 34 கூறுகளாகப் பிரித்தது. பங்குகளின் விலை ஏறவே, ராக்பெல்லர் முன்னிலும் பெருஞ்செல்வரானார்.

டைட்டஸ்வில் கல்லறைத் தோட்டத்தில் டிரேக்குக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. துளையிடும் மனிதனின் வெண்கலச் சிலை அதில் அமைந்திருக்கிறது. 1901இல் அதற்குப் பணம் கொடுத்தவர் ஸ்டாண்டர்டு ஆயிலின் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸ்.