கடிநாயும் உடையவன் கடப்பாடும்

ஒருவன் வளர்க்கும் நாய் இன்னொருவனைக் கடித்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? வினா மிகப் பழையது. கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டளவில் மெசொப்பொத்தேமியாவின் எஷ்னுன்னா நகரச் சட்டங்கள் இதற்கு விடை பகர்ந்துள்ளன. நாய்க்கு விசர் பிடித்துள்ளதென அதிகாரிகள் உடையவனுக்கு அறிவித்த பின்னரும் அவன் அதனைக் காவாது விட, அது ஒருவனைக் கடித்து அவன் இறப்பின், உடையவன் 40 செக்கல் வெள்ளி இறுத்தல் வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 செக்கல் போதும். இவ்விலை வேறுபாடு அச்சமுதாயத்தின் இயல்பை நன்கு காட்டும். நம் பொருளுக்கு வேண்டியது, முன்னறிவித்தலின் பின்னரே பொறுப்புப் பிறந்தது என்பதாகும்.

உரோமர் வேறு வழியிற் சென்றனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டப்படி, நாற்கால் விலங்கு சேதம் விளைத்தால் உடையவன் நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் விலங்கையே பாதிக்கப்பட்டவனிடம் ஒப்படைத்தல் வேண்டும். உடையவன் தவறிழைத்தானா என்ற ஆராய்ச்சி அங்கில்லை. விலங்கு தன் இனத்தியல்புக்கு மாறாக நடந்திருத்தல் வேண்டும், அதனைச் சீண்டியவன் ஈடு கோரலாகாது என்னும் வரையறைகளைப் பிற்கால நீதிவல்லுநர் வகுத்தனர்.

இவ்வுரோம மரபு ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்தது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியவர் அவர்களே. ஒல்லாந்தர் காலத்துச் சட்டம் தொடர்ந்து நிலவும் என 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் உறுதிசெய்தனர். யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை உண்டு. மட்டக்களப்பிலே முக்குவர் சட்டம் வழங்கியது. 1876இல் கிறிஸ்தோபர் பிறிற்றோ அதனை நூலாக்கினார். எனினும் அது பெரிதும் தாய்வழி உரிமை பற்றியது. நாய்க்கடிக்கு அதில் இடம் தேடுவது வீண். அதற்கு உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தையே நாடுதல் வேண்டும்.

அச்சட்டம் நிலவும் மற்றொரு நாடாகிய தென்னாபிரிக்காவின் உயர் மேன்முறையீட்டு மன்று, நாயுடையவன் கவலையீனம் நிறுவப்படாவிடினும் பொறுப்பாளியே என 1927இல் தீர்த்தது. 2020இல் வந்த வழக்கு இன்னும் கடினமானது. மூன்று நாய்கள் வீதியிற் சென்ற ஒருவரைக் கடித்துக் குதறியதால் அவர் ஒரு கையை இழந்தார். படலையை அந்நியர் எவரோ திறந்திருக்கலாம் என உடையவர் வாதிட்டார். மன்று அதனை ஏற்கவில்லை. என் எண்ணத்தில் இது நேரிய முடிவு. நாய் வைத்திருப்பவன் தன் விருப்பால் வைத்திருக்கிறான், தெருவாற் போகிறவனோ எதையும் விரும்பிக் கேட்கவில்லை.

ஆங்கிலப் பொதுச் சட்டமோ, நாயின் கொடுமையை உடையவன் அறிந்திருந்தானா என வினவியது. முதற்கடிக்கு நாய்க்கு உரிமையுண்டு என அந்நாட்டார் வேடிக்கையாய்க் கூறுவதுண்டு. நம் படலைகளிலே தொங்கும் ‘கடிநாய் கவனம்’ என்னும் பலகை அத்தகைய வழக்கில் உடையவனுக்கே எதிர்ச்சாட்சியாகிவிடும் அல்லவா?

குடியேற்ற ஆட்சி இயற்றிய சட்டங்கள் கடியினும் நோயையே பெரிதும் அஞ்சின. 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் அவ்வாறு எழுந்தவை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தன் வசமுள்ள விலங்கினால் உயிராபத்து நேராவண்ணம் காவாது விடுதலைக் குற்றமாக்கியது. எனினும் அது விதிக்கும் தண்டனையால் கடிபட்டவனின் இழந்த நாட்கூலி மீளாது. அதற்கு அவன் நட்டஈட்டு வழக்கே தொடுத்தல் வேண்டும்.

அங்கேதான் நம் பகுதியின் இடர்ப்பாடு தோன்றுகிறது. படுவான்கரை வயல்வாடியிற் கிடக்கும் நாய்க்கும் மாட்டுப்பட்டியைக் காக்கும் நாய்க்கும் பலர் சோறிடுவர். கடி நிகழ்ந்த மறுநாள் அது எவருடைய நாயுமன்று. உரோமன் ஒல்லாந்துச் சட்டம் தேடுவதோ உடையவனை. நாய்கள் பதிவேட்டிற் பெயரிருப்பின் அதுவே தக்க சான்று. பதியப்படாத நாயாயின், உடைமையை அயலவரின் வாய்ச்சாட்சியத்தாலேயே நிறுவுதல் வேண்டும். அவ்வயலவரோ நாய்க்காரனுடன் ஒரே வேலியைப் பங்கிட்டு வாழ்பவர். அறுவடை நாளில் அவனிடமே உழவு இயந்திரம் கேட்டுப் போக வேண்டியவர்.