அல்ட்ரோவாண்டா

அல்ட்ரோவாண்டா வெசிகுலோசா, வேரே இல்லாமல் நீர்மட்டத்தை ஒட்டி மிதக்கும் ஊனுண்ணிப் பூக்கும் தாவரம். தன் பேரினத்தில் இன்று எஞ்சியுள்ள ஒரே இனம். தண்டைச் சுற்றி வட்டவட்டமாக அமைந்த இலைகளின் நுனியில் சிப்பி போன்ற பொறிகள் இருக்கின்றன. உள்ளேயுள்ள உணர்முடியில் நீர்த்தெள்ளோ கொசுப்புழுவோ பட்டால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பொறி மூடிவிடும். சார்லஸ் டார்வின் 1875இல் இதைத் தரையில் வளரும் வீனஸ் பூச்சிப்பொறியோடு ஒப்பிட்டது பொருத்தமே. இரண்டும் ஒரே குடும்பம்.

தாவரவியலாளர் லியோனார்ட் புளூக்கெனட் 1696இல் இதை முதலில் குறிப்பிட்டது இந்தியாவில் சேகரித்த மாதிரியைக் கொண்டுதான். பன்னாட்டுச் செம்பட்டியலில் இது இன்று அருகிவரும் இனம். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என நான்கு கண்டங்களுக்கு உரிய செடி எப்படி அருகிப்போகும் என்று கேட்கலாம். பரந்திருப்பது வேறு, பெருகியிருப்பது வேறு. நீர்ப்பறவைகள் வழியே பரவியதாகக் கருதப்படும் இச்செடி, ஒன்றுக்கொன்று வெகுதொலைவிலுள்ள குளங்களில் திட்டுத்திட்டாகவே வாழ்கிறது. மனிதர் கொண்டுபோய் விட்ட அமெரிக்கக் குளங்களில் செழிக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. அது செடியின் வலுவைத்தான் காட்டுகிறது. குறை நீரில் இருக்கிறது. ஊட்டம் குறைந்த தெளிந்த நீரே இதற்கு ஏற்றது. வயலிலிருந்து உரம் வழிந்து சேர்ந்தால் பாசி படர்ந்து இதை மூடிவிடும்.