டார்ச் விளக்கும் தலைவிளக்கும்

டார்ச் விளக்கு என்பது கையில் பிடித்துக்கொண்டு வேண்டிய பக்கம் ஒளியைச் செலுத்தும் சிறு மின்விளக்கு. அதே ஒளிமூலத்தைப் பட்டையின் உதவியாலோ தலைக்கவசத்திலோ நெற்றிக்கு நேராகப் பொருத்தினால் அது தலைவிளக்கு. இரண்டின் உள்ளுறுப்புகளும் ஏறக்குறைய ஒன்றே. ஒளி புறப்படும் இடம்தான் வேறு. டார்ச்சில் அது கையிலிருந்து புறப்படுகிறது. தலைவிளக்கில் கண்ணுக்குச் சில அங்குல தூரத்திலிருந்து புறப்படுகிறது. நிழல் விழும் விதம், மூடுபனியில் பார்வை, எதிரில் இருப்பவரின் கண்கூச்சம், மின்கலத்தின் அளவு, கைகளின் சுதந்திரம் ஆகிய எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

வரலாறு

சிந்தாத உலர் மின்கலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த பிறகே கையடக்க மின்விளக்கு சாத்தியமாயிற்று. நியூயார்க்கில் டேவிட் மிசெல் வடிவமைத்த கைவிளக்குக்கு 1899 ஜனவரி 10 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதக் குழாய்க்குள் மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முனையில் சிறு பல்பையும் பித்தளைப் பிரதிபலிப்பானையும் வைத்ததே அதன் அமைப்பு. கான்ராட் ஹூபர்ட்டின் நிறுவனம் அதைத் தயாரித்து, சிலவற்றை நியூயார்க் காவலர்களுக்கு வழங்கியது. அக்காலக் கலங்களால் தொடர்ந்து மின்னோட்டம் தர முடியவில்லை. கார்பன் இழை பல்பும் மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியது. அதனால் விளக்கைச் சிறிது நேரம் எரித்து, அணைத்து, மீண்டும் எரிக்க வேண்டியிருந்தது. டங்ஸ்டன் இழையும் மேம்பட்ட கலங்களும் வந்தபின் இக்குறை நீங்கியது.

தலைவிளக்கு சுரங்கத்தில் பிறந்தது. தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தொப்பியில் எண்ணெய் விளக்கையும், 1900க்குப் பின் கார்பைடு விளக்கையும் மாட்டியிருந்தார்கள். இரண்டும் திறந்த சுடர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு சேர்ந்திருந்தால் அவையே வெடிப்புக்கு வழிவகுத்தன. ஹம்ஃப்ரி டேவி 1815இல் உருவாக்கிய பாதுகாப்பு விளக்கு இந்த அபாயத்தைக் குறைத்தது. ஆனால் அது மங்கலானது, கையில் தூக்கிச் செல்ல வேண்டியது. அமெரிக்காவில் ஜான் ரயன், ஜார்ஜ் டீக் ஆகிய சுரங்கப் பொறியாளர்கள் தாமஸ் எடிசனுடன் சேர்ந்து 1914–15 காலத்தில் மின் தொப்பிவிளக்கைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலம் இடுப்புப் பட்டையில் இருந்தது. அங்கிருந்து ஒரு கம்பி தொப்பியிலுள்ள பல்புக்குச் சென்றது. சுடரும் இல்லை, கையும் கட்டுப்படவில்லை. இதே அமைப்பு பல பத்தாண்டுகள் சுரங்கங்களில் நீடித்தது.

மலையேற்றத்துக்கும் குகை ஆய்வுக்கும் ஏற்ற தலைவிளக்கைப் பிரான்சின் பெட்சல் நிறுவனம் 1981இல் வெளியிட்டது. மின்கலப் பெட்டியையும் அது தலையிலேயே வைத்ததால் இடுப்புக் கம்பி தேவையற்றதாயிற்று. அடுத்த திருப்பம் எல்.இ.டி. நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அந்த நீல ஒளியின் மீது மஞ்சள் பாஸ்பரைப் பூசி வெள்ளொளி பெறும் எல்.இ.டி. 1990களின் நடுவில் சந்தைக்கு வந்தது. இழை பல்பைவிடப் பன்மடங்கு குறைந்த மின்சாரத்தில் அது ஒளிர்ந்ததால், மூன்று சிறு கலங்களுடன் நெற்றியில் சுமை தெரியாமல் மாட்டக்கூடிய விளக்கு சாத்தியமாயிற்று.

அமைப்பு

ஒளிமூலம், ஒளியைக் குவிக்கும் பகுதி, மின்கலம், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று, உறை ஆகியவை இரண்டுக்கும் பொது. குவிக்கும் பகுதி பரவளையப் பிரதிபலிப்பானாகவோ, உள்ளெதிரொளிப்பால் இயங்கும் லென்ஸாகவோ இருக்கலாம். அகலமும் ஆழமும் மிக்க பிரதிபலிப்பான் ஒளியை ஒடுக்கமான கற்றையாக்கித் தொலைவுக்கு அனுப்பும். டார்ச்சின் முகப்பைப் பெரிதாக்க இடமுண்டு. நெற்றியில் அதற்கு இடமில்லை. எனவே பெரும்பாலான தலைவிளக்குகள் அருகில் அகலமாகப் பரவும் ஒளியையே தருகின்றன. அவற்றில் கீழ்நோக்கிச் சாய்க்க ஒரு கீலும், பல வகைகளில் தனியாகச் சிவப்பு ஒளியும் இருக்கும்.

ஒளியின் அளவைகள்

விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி லூமென் என்ற அலகாலும், ஒரு திசையில் அதன் செறிவு கேண்டெலா என்ற அலகாலும் அளக்கப்படுகின்றன. லூமென் மிகுதியாக உள்ள விளக்கு கட்டாயம் தொலைவு எட்டும் என்பதில்லை. 500 லூமென் ஒளியை அறை முழுதும் பரப்பும் தலைவிளக்கைவிட, 200 லூமென் ஒளியை ஒடுக்கமாகக் குவிக்கும் டார்ச் நெடுந்தொலைவைக் காட்டக்கூடும்.

அமெரிக்காவில் 2009இல் வெளியான எஃப்.எல். 1 தரநிலை இருவகை விளக்குகளுக்கும் பொதுவான அளவை முறையை வகுத்தது. அதன்படி, பொருளின் மீது விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரமே கற்றையின் எட்டம். இது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மங்குவதால், எட்டம் 100 மீட்டராக இருக்க 2,500 கேண்டெலா போதும். அதை 200 மீட்டராக்க 10,000 கேண்டெலா தேவை. அட்டையில் அச்சிடப்படும் எட்டம் வரை எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று கொள்ளக்கூடாது. ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காண, அதில் பாதித் தூரத்துக்குள் இருப்பது நல்லது. எரியும் நேரமும் அப்படியே: விளக்கைப் போட்ட 30 விநாடிக்குப் பின் உள்ள ஒளி, பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள காலத்தையே தரநிலை கணக்கிடுகிறது. எனவே "10 மணி நேரம்" என்பது முழு வெளிச்சம் நிலைக்கும் 10 மணி நேரமன்று.

கையெட்டும் வேலைக்கு 20 முதல் 50 லூமெனும், இரவு நடைக்கு 50 முதல் 150 லூமெனும் பொதுவாகப் போதும். தோப்பின் மறுகோடியையோ கண்மாய்க் கரையையோ துழாவிப் பார்க்கத்தான் உயர்ந்த செறிவு தேவைப்படுகிறது.

ஒளியின் இடமும் பார்வையும்

ஒரு பொருளின் மேடுபள்ளத்தைக் கண் அறிவது பெரும்பாலும் நிழலால்தான். இடுப்பு உயரத்தில் பிடித்த டார்ச்சின் ஒளி தரையில் சாய்வாக விழுகிறது. கல், குழி, வரப்பின் விளிம்பு ஒவ்வொன்றும் நீண்ட நிழலைக் காட்டுகிறது. தலைவிளக்கின் ஒளியோ பார்வையின் கோட்டிலேயே செல்வதால், நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கரடுமுரடான பாதை சமதளமாகத் தோன்றி, கால் இடறக்கூடும். சுவரில் விரிசல், தகட்டில் நெளிவு, தரையில் கால்தடம் ஆகியவற்றைத் தேடுபவர்கள் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிப்பது இதனால்தான்.

மூடுபனி, புகை, தூசி, சாரல் மழை ஆகியவற்றில் தலைவிளக்கின் குறை மேலும் கூடும். காற்றிலுள்ள நுண்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஒளிமூலம் கண்ணை ஒட்டியிருந்தால் அந்தச் சிதறல் நேரே கண்ணில் விழுந்து, எதிரே வெள்ளைத் திரை தொங்குவதுபோல் தோன்றும். விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தாலே பாதை தெளியும். புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரர்கள் மார்பில் மாட்டும் வளைகழுத்து விளக்கைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணை ஒட்டிய ஒளிக்கு நன்மைகளும் உண்டு. குழாயின் உட்புறம், எந்திரத்தின் இடுக்கு, மின்பெட்டியின் அடிப்பகுதி போன்ற குறுகிய இடங்களில் பார்வை நுழையும் வழியிலேயே ஒளியும் நுழைவதால், வேலை செய்யும் கையின் நிழல் மறைப்பதில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் தலையில் விளக்கணிவது இக்காரணத்தால். மாடு, பூனை, நரி, முதலை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிதிருப்பும் படலம் வந்த வழியே ஒளியை அனுப்புவதால், தலைவிளக்கு அணிந்தவருக்கு அக்கண்கள் தொலைவிலேயே மின்னும். பாம்புக்கு இப்படலம் இல்லை. கண் மின்னுவதை எதிர்பார்க்காமல், கால் வைக்கும் இடத்தையே ஒளியிட்டுப் பார்க்க வேண்டும்.

இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளொளி பட்டவுடன் அப்பழக்கம் கலைந்துவிடும். மங்கிய ஒளியில் செயற்படும் விழித்திரைக் கோல்செல்கள் சிவப்பை மிகக் குறைவாகவே உணர்வதால், வானியல் ஆர்வலர்களும் மாலுமிகளும் மங்கலான சிவப்பொளியைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பொளிக்குப் பூச்சிகளும் குறைவாகவே வரும். முகத்தருகே எரியும் விளக்கில் இது சிறு வசதியன்று.

எடை, வெப்பம், மின்கலம்

கை எளிதாகத் தாங்கும் எடையை நெற்றி தாங்காது. ஏறத்தாழ 100 கிராமுக்குள் உள்ள தலைவிளக்கு மணிக்கணக்கில் உறுத்தாது. அதற்கு மேல் எடை கூடக்கூட நடையில் குலுங்கும். எடை மிகுந்தவற்றில் மின்கலத்தைப் பின்மண்டைப் பக்கம் வைத்துச் சமன்செய்வார்கள். உச்சந்தலை வழியாக இன்னொரு பட்டையும் சேர்ப்பார்கள்.

எல்.இ.டி. சூடேறினால் ஒளித்திறன் குறையும், ஆயுளும் தேயும். டார்ச்சின் அலுமினிய உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது. பிடித்திருக்கும் கையும் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. சிறிய, பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆன தலைவிளக்குக்கு அவ்வசதி குறைவு. உச்ச வெளிச்சம் சில நிமிடங்களில் தானாகவே இறங்குவது இருவகையிலும் உண்டு. தலைவிளக்கில் அது விரைவில் நிகழும்.

18650 எனப்படும் லித்தியம் அயனிக் கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. 3,000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள கலம் ஏறத்தாழ 11 வாட்-மணி ஆற்றலைத் தரும். சிறு தலைவிளக்குகளில் போடும் மூன்று ஏ.ஏ.ஏ. ஆல்கலைன் கலங்கள் தருவது ஏறத்தாழ 3 முதல் 4 வாட்-மணி மட்டுமே. ஆனால் ஏ.ஏ.ஏ. கலம் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மின்சாரம் பலநாள் நின்றுபோகும் புயற்காலத்தில் அந்த எளிமைக்கு மதிப்பு அதிகம். சுவர் பிளக்கில் நேரே செருகும் மலிவான டார்ச்சுகளில் ஈய-அமிலக் கலம் இருப்பதுண்டு. அதை வெறுமையாக மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, மீண்டும் மின்னேறாமல் போய்விடும்.

தொழில்களில் பயன்பாடு

இரு கைகளும் வேண்டிய வேலைகளுக்குத் தலைவிளக்கே பொருத்தம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியலுக்கு முன்பே மரத்துக்கு மரம் செல்கிறார்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ ஒரு கையும், கத்தியை நிலைப்படுத்த மற்றொரு கையும் தேவைப்படுவதால் நெற்றி விளக்கு அவர்களுக்கு இன்றியமையாத கருவி. மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டிய பூத்தோட்டங்களிலும் இதே நிலை. மின்கம்பியாளர், குழாய்ப் பணியாளர், மெக்கானிக், ஏணியில் ஏறுபவர் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

ஒளியைக் கண்ணிலிருந்து பிரித்துச் செலுத்த வேண்டிய வேலைகளுக்கு டார்ச் சிறந்தது. காவல், ரோந்து, தேடுதல், கட்டட ஆய்வு, வாகனச் சோதனை ஆகியவற்றில் பார்ப்பவர் ஒரு பக்கமும் ஒளி வேறு பக்கமும் இருக்க வேண்டியிருக்கும். ஒருவருக்கு வழிகாட்டவும் சைகை செய்யவும் கைவிளக்கே ஏற்றது. இரவில் மோட்டார் போடச் செல்லும் உழவருக்கு இரண்டுமே உதவும்: வரப்பில் நடக்கத் தாழ்த்திப் பிடித்த டார்ச், மோட்டார் அறையில் ஸ்டார்ட்டரைப் பார்க்கத் தலைவிளக்கு. பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் காலிலும் நேர்வதால், இரவு நடையில் எந்த விளக்கானாலும் ஒளி காலடியில் விழ வேண்டும்.

குழுவாக வேலை செய்யும்போது தலைவிளக்கு பிறருக்குத் தொல்லையாகும். பேசுபவரை நோக்கித் தலையைத் திருப்பியதும் ஒளி அவர் கண்ணில் பாய்கிறது. விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும் வெளிச்சத்தைக் குறைப்பதும் தொழிலிடங்களில் பழக வேண்டிய ஒழுங்கு.

பாதுகாப்பும் தேர்வும்

நிலக்கரிச் சுரங்கம், பெட்ரோல் கிடங்கு, கழிவுநீர்த் தொட்டி போன்ற எரிவாயு தேங்கும் இடங்களில் சாதாரண விளக்கு ஆபத்தானது. சுவிட்சின் சிறு பொறியே வெடிப்பை உண்டாக்கலாம். அங்கு வெடிசூழலுக்கெனச் சான்றளிக்கப்பட்ட விளக்கையே பயன்படுத்த வேண்டும். இந்தியச் சுரங்கங்களில் இதற்கு ஒப்புதல் அளிப்பது தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம்.

நீர்க்காப்பைப் பொறுத்தவரை, ஐ.பி.எக்ஸ். 4 தரம் தெறிக்கும் நீரையும், ஐ.பி.எக்ஸ். 7 தரம் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவதையும் தாங்கும். மழையில் வேலை செய்பவருக்கு முதலாவது போதும். கிணற்றிலும் படகிலும் வேலை செய்பவருக்கு இரண்டாவது தேவை. ஆல்கலைன் கலம் கசிந்தால் தொடுமுனைகள் அரித்துவிடும் என்பதால், நாள்பட எடுத்துவைக்கும் விளக்கிலிருந்து கலங்களைக் கழற்றிவிட வேண்டும். நசுங்கிய அல்லது உறை கிழிந்த லித்தியம் கலம் குறுக்குச்சுற்றாகித் தீப்பிடிக்கக்கூடும். அதை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. வியர்வை ஊறும் நெற்றிப்பட்டையைக் கழற்றித் துவைக்கலாம்.

தேர்வுக்கு முதலில் கேட்க வேண்டியது விளக்கின் லூமென் எண்ணிக்கையன்று, அது எரியும்போது கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதே. கைகளுக்கு வேலை இருந்தால் தலைவிளக்கு. தொலைவும் நிழலும் திசையும் முக்கியமானால் டார்ச். ஒரு வீட்டுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று, இயன்றால் ஒரே வகைக் கலத்தில் இயங்குவதாக, இருப்பது நல்லது; ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். குகை ஆய்வாளர்கள் ஆளுக்கு மூன்று தனித்தனி ஒளிமூலங்களோடு இறங்குவதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். கைப்பேசியின் விளக்கு ஒளியை ஒடுக்கமாகக் குவிக்காதது, சில மீட்டருக்கு மேல் பயன்படாதது, அவசர அழைப்புக்கு வேண்டிய மின்கலத்தையும் தீர்ப்பது. ஆகவே அதை இவ்விரண்டுக்கும் மாற்றாகக் கொள்ள முடியாது.