கோட்டம் கண்ட கணிதம்

தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்ததும் ஆசிரியர் முதலில் செய்யும் பணி, வகுப்பின் சராசரியைக் கணக்கிடுவதாகும். அந்த ஓர் எண்ணைக் குறிப்பேட்டில் பொறித்தவுடன் வகுப்பு முழுவதையும் அறிந்துவிட்டதாக மனநிறைவு கொள்கிறோம். ஆனால், சராசரி எப்போதும் நடுவில் நின்றுதான் பேசுகிறதா? இவ்வினாவிற்குத் தெளிவான விடை காண அறிஞர் உலகிற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

1809-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித மேதை காஸ், வானியல் அளவைகளில் நேரும் பிழைகள் எவ்வாறு பரவுகின்றன என்பதை ஒரு வளைகோட்டால் விளக்கினார். சிறு பிழைகள் மிகுதியாகவும் பெரும் பிழைகள் அரிதாகவும் நேரும். கூடுதலாக நேர்வனவும் குறைவாக நேர்வனவும் ஒத்திருக்கும். ஆதலின் அக்கோடு நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரே சீராகச் சரிந்து, மணியின் வடிவைப் பெற்றது.

பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் கெத்தலே, விண்ணை அளந்த அக்கோட்டை மண்ணுக்குக் கொணர்ந்தார். 1835-இல் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை முன்வைத்தார். 1846-இல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துப் போர்வீரரின் மார்பளவுகளும் மணி வடிவிலேயே பரவியுள்ளன எனக் காட்டினார். அவருக்குப் பின் வந்தோர் பலர், இயற்கையில் எதனை அளந்தாலும் அவ்வடிவமே தோன்றும் என நம்பலாயினர். எனவே அதற்குப் பெயரே ‘இயல்நிலைப் பரவல்’ என்றாயிற்று.

அந்நம்பிக்கையை அசைத்தவை நண்டுகள் என்றால் வியப்பாகத் தோன்றும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் வெல்டன், இத்தாலியின் நேப்பிள்சு விரிகுடாவில் பிடித்த ஆயிரம் பெண் நண்டுகளை அளந்து, 1893-இல் முடிவுகளை வெளியிட்டார். பிற உறுப்புகளின் அளவுகள் மணி வடிவிற்கு இணங்கின. நெற்றியின் அகலம் மட்டும் இணங்கவில்லை. அவ்வளைகோடு ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது.

அவருடைய நண்பரும் கணிதப் பேராசிரியருமான கார்ல் பியர்சன் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். இரண்டு வகை நண்டுகள் கலந்திருக்கலாம் என்று 1894-இல் ஒரு விளக்கம் தந்தார். அதனோடு அவர் அமையவில்லை. கலப்பே இல்லாத ஒரே வகைப் பொருளிலும் சாய்வு இயல்பாக உண்டு என்று 1895-இல் நிறுவினார். காற்றழுத்தம், காய்ச்சல் கண்டோரின் வயது, இங்கிலாந்து வீடுகளின் மதிப்பு ஆகியவற்றை அதற்குச் சான்றாக்கினார். சிறு வீடுகள் பல, மாளிகைகள் சில. அச்சில மாளிகைகளே வளைகோட்டிற்கு நீண்டதொரு வாலைத் தருகின்றன.

இச்சாய்வையே புள்ளியியலார் தமிழில் ‘கோட்டம்’ என்பர். நடுவு நிலைமையைப் பாடிய அதிகாரத்திலேயே வள்ளுவர் ஆண்ட சொல் அது. வால் பெரிய எண்களின் பக்கம் நீண்டால் நேர்க்கோட்டம்; சிறிய எண்களின் பக்கம் நீண்டால் எதிர்க்கோட்டம். அதனை அளக்கவும் பியர்சன் வழி சொன்னார்: மிகுதியான அளவுகள் குவியும் இடமாகிய முகட்டைச் சராசரியிலிருந்து கழித்து, வரும் விடையைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். இருபுறமும் ஒத்த மணி வடிவில் விடை சுழியாகும்.

நம் வகுப்பறைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, பத்து மாணவர் பெற்ற மதிப்பெண்கள் 12, 70, 72, 74, 75, 76, 78, 79, 80, 84 எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 700, சராசரி 70. ஆனால், வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவோ 75.5. ஒன்பது மாணவர் சராசரியிலோ அதற்கு மேலோ இருக்கின்றனர். ஒரே ஒரு பிள்ளை வாலின் நுனியில் தனித்து நிற்கிறது. 70 என்னும் எண் ஒன்பதின்மரின் திறமையைக் குறைத்துக் காட்டுகிறது. பத்தாம் பிள்ளையின் துயரையோ முற்றும் மறைத்துவிடுகிறது. பயிற்சிக் கல்லூரியில் நான் சராசரியைக் காணக் கற்றேன். அதனை ஐயுறக் கற்றதோ பல்லாண்டு கழித்தேயாம்.

கோட்டத்தை அறிவது உயிருக்கே ஊன்றுகோலாதலும் உண்டு. அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982-இல், தம் நாற்பதாம் வயதில், கொடிய புற்றுநோய் கண்டது. அந்நோயாளரின் ஆயுளுக்கு இடைநிலை அளவு எட்டே மாதம் என மருத்துவ ஏடுகள் கூறின. அவர் அந்த எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளவில்லை. பாதிப் பேர் எட்டு மாதத்தைக் கடந்து வாழ்கின்றனர் என்பதையும், அப்பரவலின் வால் வலப்புறம் பல ஆண்டுகள் நீள்கிறது என்பதையும் உணர்ந்து தேறினார். சிகிச்சை பெற்று, மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். தம் பட்டறிவை அவர் 1985-இல் ஒரு கட்டுரையாகவும் வடித்தார்.

சராசரி பொய்யன்று, ஆயினும் அது முழு உண்மையுமன்று. ஆகவே, சராசரியை எழுதிய கையோடு வால் எப்பக்கம் நீள்கிறது என்றும் பார்ப்போமாக. அதன் நுனியில் நிற்பது நம் மாணவருள் ஒருவராக இருக்கலாம்.