தகரப் பெட்டிக்குள் ஒரு தாள்

புதுவையில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்த எங்கள் வீட்டைப் போன மாதம் காலி செய்தோம். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று தாத்தா கட்டிய வீடு. பங்கு பிரிக்க வழியில்லாமல் விற்றோம்.

பரணில் கிடந்த தகரப் பெட்டியின் அடியில், அப்பா பிரெஞ்சில் எழுதிய தாள் ஒன்று இருந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா கொடுத்தார், அவர் பிள்ளைகள் இன்று பாரீசில். அப்பா அதை யோசிக்கவேயில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். உள்ளூர மனக்குறையும் உண்டு.

யோசித்திருக்கிறார். 1963 ஜனவரி தேதி, பிறந்த ஊர், அம்மா பெயர், எங்கள் பெயர்கள், எல்லாம் அழகான கையெழுத்தில். கையொப்பம் மட்டும் இல்லை.

அந்த ஜனவரியில் பாட்டி தாழ்வாரத்து அறையில் படுத்த படுக்கையாக இருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். காரணம் அதுதானா என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

சாவியைக் கொடுத்துவிட்டோம். அந்தத் தாளை என் ஓய்வூதியப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.