கட்கி தந்த தன்ராஜும் வீரனின் கண்ணீரும்

புனே நிலையத்திலிருந்து லோனாவலா செல்லும் உள்ளூர் வண்டியில் ஏறினால், சிவாஜிநகருக்கு அடுத்துக் கட்கி நிலையம் வரும். ஆங்கிலேயர் 'கிர்க்கி' என்று எழுதிவைத்த ஊர் அது. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படையும் கும்பினியாரின் படையும் மோதிய களம். பின்னர் 1869-இல் படைக்கலத் தொழிற்சாலை எழுந்த இடம். அத்தொழிற்சாலையையும் படைமுகாமையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றன. நாம் நாள்தோறும் அவ்வழியே பணிக்குச் சென்று திரும்புகிறோம். வண்டி கட்கியில் நின்று புறப்படும் அச்சிறு பொழுதில் நம் நினைவுக்கு வருவது பேஷ்வாவின் போர் அன்று. ஒரு தமிழ்த் தாயும் அவருடைய ஐந்து புதல்வர்களுமே.

ஆண்டாளம்மாள் என்பது அத்தாயின் பெயர். கணவர் நாகலிங்கம் பிள்ளை, தொழிற்சாலை மைதானத்தைப் பேணும் எளிய பணியில் இருந்தவர். குடியிருப்பில் சிறு வீடு, வருவாயோ சிறிது. அக்குடும்பத்தில் நான்காவது மகனாக 1968-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பிறந்தவரே தன்ராஜ் பிள்ளை. ஐவரையும் ஹாக்கி ஆடுமாறு ஊக்கியவர் தாயார் என்பதை ஈண்டு அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மைதானத்துப் பக்கம் போனாலே முகம் சுளிக்கும் நம் குடியிருப்புத் தாய்மார்கள் (தந்தைமார்களையும் சேர்த்தே சொல்கிறோம்) இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. புதிய மட்டை வாங்கப் பணம் ஏது? பெரியவர்கள் ஆடி ஒடித்துப் போட்ட மட்டைகளும், தேய்ந்து கழிக்கப்பட்ட பந்துகளுமே அச்சிறுவர்களுக்குக் கருவிகளாயின. தந்தை பேணிய அந்த மென்மண் தரையிலேயே மைந்தர்கள் ஆட்டம் பயின்றனர்.

அக்காலத்தில் ஹாக்கி ஆட்டத்தின் நிலையையும் சிறிது கூற வேண்டும்; இல்லையேல் அவர் தாங்கிய சுமை விளங்காது. 1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் நமதே. 1960-இல் வெள்ளி, 1964-இல் மீண்டும் தங்கம். அதன்பின் இருமுறை வெண்கலம். 1976-இல் மாண்ட்ரியல் நகரில் செயற்கைப் புல்தரையை விரித்தார்கள். நாம் ஏழாம் இடத்துக்கு இறங்கினோம். தரை மாறியது என்றால் ஏதோ விரிப்பு மாறிய செய்திபோலச் சிலர் கருதுவர். அவ்வாறன்று. மண்தரையில் பந்து தடுக்கித் தடுக்கி ஓடும். மணிக்கட்டின் நெளிவு சுளிவால் அதனை வசப்படுத்தி, எதிரியை ஏய்த்து, நின்று நிதானித்து ஆடலாம். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். அதனைத் துரத்தும் கால் வேண்டும். ஓடி ஓடித் திரும்ப மூச்சு வேண்டும். அந்நாளில் ஓர் ஆட்டம் 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடந்தது. கையின் கலையாக இருந்தது காலின் உழைப்பாகவும் மாறிவிட்டது. ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் அத்தகைய தரைகளை ஊர்தோறும் அமைத்துக்கொண்டனர். நம் நாட்டிலோ சிறுவர்கள் மண்ணில் பயின்று, பெரியவர்களான பிறகே அத்தரையை மிதித்தனர். 1980-இல் மாஸ்கோவில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நாம் பெற்ற தங்கத்துக்குப் பின்னர், 41 ஆண்டுகள் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் எதனையும் கண்டோமில்லை. 2021-இல் டோக்கியோவில் கிட்டிய வெண்கலமே அவ்வறட்சியை நீக்கியது.

தன்ராஜ் ஆடிய காலம் முழுவதும் அந்த வறட்சிக்குள்ளேயே அடங்கிவிட்டது. 

மண்ணில் பயின்ற அந்த இளைஞர் எண்பதுகளின் நடுவில், பம்பாயில் ஆடிக்கொண்டிருந்த தம் அண்ணன் ரமேஷிடம் சென்று சேர்ந்தார். அண்ணனும் இந்தியாவுக்காக ஆடியவர். தன்ராஜ் தம் மனத்தில் குருவாக வரித்துக்கொண்டவர் முகமது ஷாஹித். காசியைச் சேர்ந்த அந்த மணிக்கட்டு மன்னர் நம் இரயில்வேயில் பணியாற்றியவர் என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். பிலாஸ்பூரில் பிறந்து, பெங்கால்-நாக்பூர் இரயில்வே அணியில் ஆடி, மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் கொணர்ந்த லெஸ்லி கிளாடியஸும் நம் துறையின் நிழலில் வளர்ந்தவரே. தன்ராஜை மட்டும் நாம் பெறவில்லை. அவர் இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். வண்டிக்காரர்களுக்கு விமானத்தார்மேல் இருக்கும் பழைய பொறாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்க.

1989-இல் தில்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் அவர் இந்திய அணியில் முதன்முதலாக இடம்பெற்றார். 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கோடு முடித்துக்கொண்டார். பதினைந்து ஆண்டுகள்! நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. முன்வரிசையில் நின்று ஆடுபவரின் உடல் இவ்வளவு காலம் தாங்குவது எளிதன்று. எதிரிகளின் மட்டையடி முதலில் விழுவது அவர் கால்களில்தான். நொடிப்பொழுதில் முழு வேகமெடுப்பதும், நொடிப்பொழுதில் நிற்பதும் அவர் வேலைதான். முப்பத்தாறாம் வயதிலும் அவர் ஒலிம்பிக் களத்தில் நின்றார். அந்த வயதில் நாம் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு மின்தூக்கி தேடிக்கொண்டிருந்தோம்.

இனி உடலை விட்டு உள்ளத்துக்கு வருவோம். நாம் எழுத விரும்பியதும் அதுவே.

1998 டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. தன்ராஜ் அணித்தலைவர். இறுதியாட்டத்தில் தென்கொரியா எதிரே நின்றது. ஆட்டம் 1-1 எனச் சமனாயிற்று. பின்னர் நேர்முக அடிகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. கோல்காப்பாளர் ஆஷிஷ் பல்லால் அரணாக நிற்க, இந்தியா வென்றது. 1966-க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து ஆசியத் தங்கம் நம் கைக்கு வந்தது. நாடெங்கும் மகிழ்ச்சி. ஆனால், அடுத்த அணி அறிவிக்கப்பட்டபோது தலைவர் பெயரைக் காணவில்லை. பல்லால் உள்ளிட்ட வேறு சில மூத்தோர் பெயர்களையும் காணவில்லை. 'ஓய்வு அளிக்கப்பட்டது' என்று காரணம் சொன்னார்கள். வீரர்களுக்குரிய ஊதியம் பற்றி வாய்திறந்ததே உண்மைக் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. எவ்வாறாயினும், தங்கம் வென்று தந்தவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தினால் அவன் உள்ளம் என்ன பாடுபடும்? மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையோடு இருந்துவிட்டிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆடினார், மீண்டும் அணிக்குள் வந்தார், 2000-இல் சிட்னி ஒலிம்பிக்குக்கும் சென்றார்.

சிட்னியில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. மாஸ்கோ தந்த பாஸ்கரனே அங்கு நம் அணியின் பயிற்சியாளர். ஆர்ஜென்டினாவை வென்று, வலிய ஆஸ்திரேலியாவைச் சமன்செய்து, அரையிறுதியின் வாயிற்படிவரை வந்துவிட்டோம். போலந்தை வென்றால் போதும். 1-0 என முன்னிலையிலும் இருந்தோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாத நேரத்தில் போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. 1-1. அரையிறுதி கைநழுவிற்று. முப்பத்திரண்டு வயதான தன்ராஜ் குழந்தைபோல அழுதார்.

அப்போது நாம் பள்ளிப் படிப்பை முடித்து, இரயில்வேத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த இளைஞர். 'இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இப்படி அழலாமா? மனவுறுதி இல்லை, அதனால்தான் தோற்றார்கள்' என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். நாமும் தலையாட்டினோம். அத்தலையாட்டலை நெடுங்காலம் சரியென்றே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு நம் மகன் பள்ளிகளுக்கிடையேயான ஆட்டத்தில் தோற்று வீடு திரும்பினான். மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு மூலையில் அமர்ந்து அழுதான். அன்று பெரியவர் சொன்னதையே நாமும் அவனிடம் சொன்னோம்: "ஆண்பிள்ளை அழலாமா?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுவாரம் மைதானத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அழுகையை நிறுத்தினோம், ஆட்டமும் சேர்ந்து நின்றுபோயிற்று.

அதன்பிறகே சிட்னிக்குப் பின் என்ன நடந்தது என்பதை ஊன்றிப் பார்த்தோம். அழுத வீரர் வீட்டில் அமர்ந்துவிட்டாரா? இல்லை. 2002-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. வயது முப்பத்துநான்கு. 2003-இல் கோலாலம்பூரில் அவர் தலைமையில் இந்தியா பாகிஸ்தானை 4-2 என வென்று, ஆசியக் கோப்பையை முதன்முறையாகக் கைக்கொண்டது. தோல்வியைக் கண்டு கலங்காதவன் வீரன் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். கலங்காதிருப்பது கல்லுக்கும் எளிது. தன்ராஜ் கலங்கினார், கலங்கியபின் மறுநாட்காலை காலணிக் கயிற்றைக் கட்டினார். பதினைந்து ஆண்டுகளில் எத்தனை மறுநாட்கள் அவ்வாறு வந்திருக்கும்! ஒலிம்பிக்கில் அவருக்குக் கிட்டிய இடங்கள் ஏழு, எட்டு, ஏழு, ஏழு. நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் மீண்டும் மீண்டும் களம் புகுந்தார் எனின், அந்த உள்ளத்தின் வலிமையை அளக்க நாம் என்ன தராசு வைத்திருக்கிறோம்? பார்சல் அலுவலகத் தராசில் அது நிற்காது.

அவரிடம் குறையே இல்லை என்று கூறினால் அது வரலாறு ஆகாது, துதியாகும். சினம் அவருக்கு மிகுதி. அதிகாரிகளோடு பொருதினார், மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்னார், அதனால் இழந்ததும் உண்டு. அச்சினத்தைச் சற்றே அடக்கியிருந்தால் இன்னும் பல கிட்டியிருக்கும் என்பார் உளர். நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டோம். எதிரிகள் நால்வர் நடுவே பந்தோடு பாயச் செய்ததும், மேலிடத்தின் முன் வாய்திறக்கச் செய்ததும் ஒரே நெருப்புதான் போலும். அரசினரின் கேல் ரத்னா விருது 1999-2000-ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது, பத்மஸ்ரீயும் கிடைத்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலுக்கு இட்ட பெயர் 'ஃபர்கிவ் மீ அம்மா' என்பதாகும். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும் பெயர். பதக்கமின்றித் திரும்பிய மகன், ஒடிந்த மட்டையோடு தன்னை மைதானத்துக்கு அனுப்பிய தாயை நினைக்கிறான் என்றே அப்பெயரை நாம் பொருள்கொள்கிறோம். ஆண்டாளம்மாள்தான் மன்னிக்க வேண்டிய குற்றம் எதனையும் கண்டிருக்க மாட்டார்.

இவ்வளவும் எழுதியபின் நம் குற்றத்தை மறைப்பது முறையாகாது. ஈராண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் செயற்குழுவில், வரவு குறைந்ததைக் காட்டி, சிறுவர்களுக்கு ஹாக்கி மட்டை வாங்கும் செலவினத்தை நீக்கிவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. 'பிள்ளைகளுக்குத் தேர்வு இருக்கிறது. மைதானத்துக்கு யார் வருகிறார்கள்?' என்று ஒருவர் கேட்டார். கை உயர்த்தியவர்களுள் நாமும் ஒருவர். மேடை அலங்காரத்துக்கும் மலர்மாலைக்கும் ஒதுக்கிய தொகையில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை என்பதை அன்று நாம் கவனிக்கவில்லை. கவனித்தும் பேசவில்லை என்பதே மெய்.

சென்ற ஞாயிறன்று பொருளாளரிடம் சாவி வாங்கி, சங்க அறையின் பழைய அலமாரியைத் திறந்து பார்த்தோம். பதினொரு மட்டைகள் இருக்கின்றன. அவற்றுள் நான்கு ஒடிந்தவை. பந்து ஒன்றும் இல்லை. நம் மகன் உடன் வந்திருந்தான். ஒடிந்தவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "இதைக் கட்டிக்கொள்ளலாம், அப்பா" என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சணற்கயிறு வாங்கிக் கொடுத்தோம்.

வரும் பொதுக்குழுவில் அச்செலவினத்தை மீண்டும் சேர்க்குமாறு நாம் முன்மொழிய இருக்கிறோம். வழிமொழிய விரும்பும் அன்பர்கள், ஆண்டுவிழா நடக்கும் இடத்திலேயே செயலாளரிடம் தம் பெயரைத் தரலாம். அன்று நாம் வாயிற்புறத்தில் நுழைவுச்சீட்டு வாங்கும் பணியில் இருப்போம்.