அடைக்கலத்தின் அன்றாடம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பூங்காவை அடுத்து மேற்கே அமைந்துள்ள ஸ்ரீபெரும்புதூர், 1017ஆம் ஆண்டில் இராமானுசர் அவதரித்த தலமாக வைணவர்களால் போற்றப்படுகிறது. அவ்வூர்க் கோயிலில் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடைபெறும் உற்சவத்தில் 'வெள்ளை சாத்துப்படி' என்றொரு நிகழ்ச்சி உண்டு. காவியுடுத்த துறவிக்கு அன்று வெண்ணிற ஆடை அணிவிக்கப்படுகிறது. சோழ மன்னன் ஒருவனின் சமயக் கெடுபிடிக்குத் தப்பி அவர் வெள்ளுடையில் திருவரங்கத்தை விட்டு நீங்கி மேல்கோட்டையை அடைந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தியின் நினைவே அது. அம்மன்னன் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், ஒளிந்து வாழ்வோர் ஆளை மறைக்கும் முன் அடையாளத்தை மறைத்தாக வேண்டும் என்னும் நடைமுறையை அச்சடங்கு ஆண்டுதோறும் கண்முன் நிறுத்துகிறது. அடையாளமோ ஆடையோடு நின்றுவிடுவதில்லை. பேச்சிலும் சமையலிலும் குழந்தையின் அழுகையிலும்கூட அது வெளிப்பட்டுவிடும் என்பதை 20ஆம் நூற்றாண்டின் இரு மறைவாழ்வுகள் காட்டுகின்றன.

நாஜிப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் 25,000க்கும் மேற்பட்ட யூதர்கள் பிறர் வீடுகளிலும் பண்ணைகளிலும் தலைமறைவாக வாழ்ந்தனர். இவ்வாழ்வை டச்சு மக்கள் 'ஒண்டர்டெய்கன்', அதாவது நீருக்கடியில் மூழ்குதல், என்னும் சொல்லால் குறித்தனர். 1942 ஜூலை 6 அன்று ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, பெட்டியுடன் நடந்தால் ஐயம் எழும் என்பதால் ஆடைமேல் ஆடையாக உடுத்துக்கொண்டே சென்றது. தந்தை ஓட்டோ ஃபிராங்கின் அலுவலகக் கட்டடத்துப் பின்கட்டில், இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்த மறைவில், அக்குடும்பமும் பிறருமாக எட்டுப் பேர் ஒளிந்திருந்தனர். அதன் நுழைவாயிலைப் புத்தக அலமாரி ஒன்று மறைத்தது. கீழ்த்தளக் கிடங்கில் தொழிலாளர் வேலை செய்த பகல் நேரம் முழுவதும் மேலே காலடி ஓசை எழக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, கழிப்பறையில் தண்ணீர் விடக் கூடாது. பங்கீட்டு அட்டை இல்லாமல் உணவு கிடைக்காத காலத்தில் எட்டுப் பேருக்கான அட்டைகளும் காய்கறியும் மீப் கீஸ் முதலிய அலுவலகப் பணியாளர்கள் மூலமே வந்துசேர்ந்தன. வேலை முடிந்து கிடங்கு வெறிச்சோடிய மாலை வேளையில்தான் அவர்களால் இயல்பாக நடமாடவும் வானொலி கேட்கவும் முடிந்தது. 1944 ஆகஸ்ட் 4 அன்று அவர்கள் பிடிபட்டனர்; எண்மரில் முகாமிலிருந்து உயிருடன் திரும்பியவர் ஓட்டோ ஒருவரே.

தமிழர் வரலாற்றில் இதனோடு ஒருபுடை ஒப்பிடத்தக்கது, ஈழத்தமிழர் 'கறுப்பு யூலை' என்றும் 'ஆடிக் கலவரம்' என்றும் குறிப்பிடும் 1983ஆம் ஆண்டு இனவன்முறையின்போது கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் கழித்த நாள்களாகும். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதை அடுத்து, மறுநாள் மாலை பொரளையில் தொடங்கிய வன்முறை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முதலிய பகுதிகளுக்குப் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை அடையாளம் கண்ட கும்பல்களிடமிருந்து பலரைக் காத்தவை அண்டையிலிருந்த சிங்கள, முஸ்லிம், பறங்கியர் குடும்பங்களே. பறங்கியர் என்போர் ஐரோப்பியக் கலப்பு வழிவந்த இலங்கையர். ஆம்ஸ்டர்டாமின் இரண்டாண்டுகள் இங்கே சில நாள்களாகச் சுருங்கினாலும் மறைவின் ஒழுங்குமுறை ஒன்றாகவே இருந்தது. பெண்கள் பொட்டை அழித்தனர். தாலியை ஆடைக்குள் மறைத்தனர் அல்லது கழற்றி முடிந்துவைத்தனர். சேலைக்குப் பதிலாக வீட்டுக்காரரின் கவுனை அணிந்தனர். சாமான் அறையில் படுத்திருந்த குழந்தைகள் 'அம்மா' என்று வாய்விட்டு அழைப்பதற்கும் தடை இருந்தது. ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடக்க, இருந்த அரிசியை இரு குடும்பங்களுக்கும் பகிர்ந்து பொங்க வேண்டியிருந்தது.

ஆடையை மாற்றிவிடலாம், நாக்கை மாற்றுவது அரிது. வழிமறித்தவர்கள் சிங்களத்தில் பேசச் சொல்லிச் சோதித்தனர். வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லவைத்த செய்தி 1958, 1983 கலவரங்களைப் பற்றிய நினைவுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. அச்சொல்லின் முதலெழுத்து 'பயம்' என்பதன் பகரத்தைப்போல் அதிர்ந்து ஒலிப்பது. 'பல்' என்பதன் பகரத்தையும் அதையும் தமிழ் ஒரே எழுத்தால் எழுதுவதால், இங்கு அச்சிடப்பட்டுள்ள வடிவமும் அவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. யூதர்களின் மறைநூலிலேயே இத்தகைய சோதனைக்குப் பழைய சான்று உள்ளது. நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் தப்பிவந்த எப்பிராயீம் குலத்தவர் 'ஷிபோலேத்' என்னும் சொல்லைச் 'சிபோலேத்' என்று உச்சரித்த காரணத்தாலேயே கொல்லப்பட்டனர். அங்கும் பகைவரைப் பிரித்துக் காட்டியது ஓர் எழுத்தின் ஒலி மட்டுமே.

ஒளிந்தவரின் அச்சத்தில் ஒளித்தவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. போலந்தின் ஒரு பகுதியில் ஆட்சி செய்த நாஜி நிர்வாகம், யூதருக்கு இடமளிப்போருக்கும் மரண தண்டனை என்று 1941 அக்டோபரில் ஆணையிட்டது. ஆம்ஸ்டர்டாமில் உதவியவர்களுள் யோஹன்னஸ் கிளைமன், விக்டர் குக்லர் ஆகிய இருவரும் கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். கொழும்பில் வாசலுக்கு வந்து கேட்ட கும்பலிடம் "இங்கே யாரும் இல்லை" என்று சொன்னவரின் வீடும் அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. இப்பொறுப்பின் கனத்தைத் தமிழ் இலக்கியம் முன்பே அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளிடமிருந்து கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற ஆய்ச்சி மாதரி, கோவலன் கொலையுண்ட பின் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீப்புகுந்து உயிர்விட்டாள். கோவலனைக் கொல்வித்த பாண்டிய மன்னனின் பிழைக்கு அவள் எவ்வகையிலும் காரணமல்லள். எனினும் ஏற்றுக்கொண்டவள் என்ற முறையில் இழப்பைத் தன்னதாகவே கருதினாள்.

வெள்ளை சாத்துப்படியின் வரலாற்றிலும் இத்தகைய ஒருவர் இருக்கிறார். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், ஆசிரியர் கழற்றிய காவியைத் தாம் உடுத்து, தாமே இராமானுசர் எனக் காட்டிக்கொண்டு அரசவைக்குச் சென்று அங்கே கண்களை இழந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஆசிரியர் அணிந்த வெள்ளை ஸ்ரீபெரும்புதூரில் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அந்த வெள்ளையில் அவர் வெளியேற முடிந்தது, அவருடைய காவியை மற்றொருவர் உடுத்திக்கொண்டதனால்தான்.